கைவலிக்குச் சொன்ன காரணம்

ஜூலை 3, திங்கள்

வலி: பத்துக்கு ஆறு. இடம்: வலது முழங்கையின் வெளிப்பக்க எலும்பு. அங்கிருந்து முன்கை வழியாக மணிக்கட்டு வரை இழுக்கிறது. எப்போது: தோசைக்கல்லைத் தூக்கும்போது, துணி பிழியும்போது, கரும்பலகையின் மேல்வரிசையில் எழுதும்போது. காரணம்: மதினியைத் தூக்கியது.

பிசியோதெரபி பார்க்கிற பெண் தினமும் இப்படி எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள். பெயர் ஷைனி. என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். "மறைக்காம எழுதுங்க டீச்சர், அப்பதான் எங்க கை வைக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றாள். பக்கத்தில் என் கணவர் செல்வின் நின்றுகொண்டிருந்தார். நான் தலையை ஆட்டினேன்.

ஜூலை 4, செவ்வாய்

மேலே வலியைப் பற்றி இருக்கிற முதல் பத்தி ஷைனியிடம் காட்டுகிற நோட்டிலிருந்து பார்த்து எழுதியது. அந்த நோட்டு அவளுக்கு, இது எனக்கு. அட்டையில் "கணக்கு, 9 ஆ" என்று எழுதிவிட்டேன். எங்கள் வீட்டில் கணக்கு நோட்டை யாரும் பிரித்துப் பார்க்கமாட்டார்கள்.

உண்மையை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். என் கைவலிக்கும் மதினிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் ஜிம்முக்குப் போய் இரும்பு தூக்கிக் கெடுத்துக்கொண்ட கை இது.

மதினி என்றால் செல்வினின் அக்கா, ஞானமலர். ஐம்பத்து நான்கு வயது. மூன்று வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் போனவர். இரண்டு ஊன்றுகோல்களை வைத்துக்கொண்டே தாலுகா ஆபீசில் இருபத்தாறு வருடம் டைப்பிஸ்டாக இருந்தார். போன நவம்பரில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டபிறகு ஊன்றுகோலும் இல்லை. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, எல்லாவற்றுக்கும் யாராவது தூக்கவேண்டும். பகலில் சம்பளத்துக்கு வைத்திருக்கிற வடிவு வந்து பார்த்துக்கொள்கிறாள், நான்கு மணிக்குப் போய்விடுவாள். மற்ற நேரமெல்லாம் நான். செல்வின் தூக்குவதில்லை. உடம்பில் தெம்பு இல்லாமல் இல்லை. அக்காவைத் தம்பி எப்படிக் கழிப்பறைக்குக் கொண்டுபோவது என்ற கூச்சம் இரண்டு பேருக்கும்.

பிப்ரவரியில் ஒருநாள் தூக்கும்போது என் கை தளர்ந்து, இரண்டு பேரும் கழிப்பறைத் தரையில் உட்கார்ந்துவிட்டோம். "ஏட்டி, நம்ம ரெண்டு பேரையும் தூக்க இனி கிரேன்தான் வரணும்" என்று மதினி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே மார்க்கெட் பக்கம் மாடியில் இருக்கிற ஜிம்மில் போய்ச் சேர்ந்தேன். நாலரை முதல் ஆறு வரை பெண்கள் நேரம். வீட்டில் பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று சொன்னேன். நாற்பத்து மூன்று வயதில் ஒரு கணக்கு டீச்சர் டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு இரும்பு தூக்குகிறாள் என்றால் பாளையங்கோட்டையே சிரிக்கும். ஒரு மாதம் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன்.

இரண்டே மாதத்தில் மதினியைத் தூக்குவது லேசாகிவிட்டது. அவர் நாற்பத்தெட்டு கிலோ. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்குப் பிடித்துப்போனது, அதுதான் வினை. மதினி ஒவ்வொரு தடவையும் "ஸாரிட்டி" என்பார். நான் "பரவால்ல மதினி" என்பேன். ஒரு நாளைக்கு எட்டு தடவை. இரும்பு ஸாரி சொல்லாது. தூக்கலாம், கீழே வைக்கலாம், வீட்டுக்கு வந்துவிடலாம்.

மே மாதம் அறுபது கிலோ தூக்கினேன். ஜூனில் எழுபது தூக்கியே தீருவேன் என்று நின்றேன். பயிற்சி தருகிற ஜெனிலா, "அவசரப்படாதீங்க மேடம், தசை தாங்கும், தசைநார் தாங்காது" என்றாள். நான் கேட்கவில்லை. ஒரே வாரத்தில் எடையையும் ஏற்றி, உள்ளங்கை தரையைப் பார்க்கக் கம்பியைப் பிடித்து முழங்கையை மடக்கித் தூக்குகிற பயிற்சியையும் சேர்த்தேன். நாலாம் நாள் பக்கெட்டைத் தூக்கும்போது முழங்கையில் சுருக்கென்றது. இன்றுவரை விடவில்லை.

போன வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் குழம்புச் சட்டியைக் கீழே போட்டுவிட்டேன். "அக்காவத் தூக்கித் தூக்கித்தான் இப்படி ஆயிட்டு" என்றார் செல்வின். மதினி எதிரே உட்கார்ந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் குனிந்து தரையைத் துடைத்தேன். நன்றாகவே துடைத்தேன்.

ஜூலை 6, வியாழன்

ஷைனி முழங்கைக்குக் கீழே ஒரு பட்டை கட்டிவிட்டிருக்கிறாள். மேசை விளிம்பில் முன்கையை வைத்து, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மணிக்கட்டை மெதுவாகக் கீழே இறக்கவேண்டும். இடது கையால் மேலே ஏற்றிவிட்டு மறுபடியும் இறக்கவேண்டும். பதினைந்து தடவை, மூன்று முறை. அறுபது கிலோ தூக்கியவளுக்கு அரை லிட்டர் பாட்டிலில் கண்ணில் நீர் முட்டியது.

"அவங்களத் தூக்குறத ஒரு மாசத்துக்கு அடியோட நிறுத்தணும்" என்று செல்வினைப் பார்த்துச் சொன்னாள். செல்வின் இன்று மாலையே வடிவிடம் பேசிவிட்டார். இனி அவள் காலை ஆறு மணிக்கு வந்து மாலை ஆறரைக்குத்தான் போவாள். அதற்குப் பிறகு படுக்கையிலேயே பெட்பேன். மதினி அதை ஒரு பார்வை பார்த்தார். "சரி" என்றார். இருபத்தாறு வருடம் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டு ஆபீசுக்குப் போனவர்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகின்றன.

ஜூலை 8, சனி

வலி ஏழு. இன்று ஜிம்முக்குப் போகவேண்டாம் என்று நினைத்தேன். போனேன். கால் பயிற்சிதானே.

ஜூலை 10, திங்கள்

கால் பயிற்சிக்கும் கம்பியைப் பிடிக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஜெனிலா திட்டினாள்.

ஒன்றை எழுதிவைக்கவேண்டும். முன்பெல்லாம் வடிவு நான்கு மணிக்குப் போய்விடுவாள், நான் ஆறு மணி தாண்டி வருவேன். அந்த இரண்டு மணி நேரம் மதினி தனியாக இருப்பார். வந்ததும் "அவசரமா மதினி?" என்று கேட்பேன். "இல்லட்டி, நீ காப்பி குடிச்சிட்டு வா" என்பார். நானும் குடித்துவிட்டுத்தான் போவேன். நான் யாருக்கும் வேண்டாத இரும்பைத் தூக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். இப்போது வடிவு ஆறரை வரை இருப்பதால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. கைவலி வந்ததால் வந்த நிம்மதி. இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 13, வியாழன்

வடிவு வாசலில் நிறுத்திச் சொன்னாள். "டீச்சர், அக்கா தண்ணியே குடிக்க மாட்டுக்காவ. மத்தியானம் மாத்திரைக்கு ரெண்டு மடக்கு, அம்புட்டுத்தான். காப்பி வேண்டாம், ரசம் வேண்டாம், மோர் வேண்டாம். கேட்டா வயித்துக்குச் சேரலங்காவ."

உள்ளே போய்க் கேட்டேன். "வயசாவுதுல்லா, தாகம் எடுக்கல" என்றார். காற்றுக்காலம், வெயில் தணிந்துவிட்டது, தாகம் எடுக்காதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 15, சனி

பெண்கள் ஐக்கிய சங்கத்து ஜெபம் எங்கள் வீட்டில். பதினோரு பேர் வந்திருந்தார்கள். வடையும் காப்பியும் வடிவு பார்த்துக்கொண்டாள்.

செல்வின் யாரிடமோ சொல்லியிருக்கிறார், அது சபை முழுக்கப் பரவியிருக்கிறது. தலைவி கமலபாய் அக்கா என்னை நடுவில் உட்காரவைத்தார். முழங்கைமேல் கையை வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, உம்முடைய மகள் ஹெப்சி நடக்கமாட்டாத ஒரு ஜீவனைச் சுமந்து சுமந்து தன் கையைத் தேய்த்துக்கொண்டாள். இந்தத் தியாகத்தைக் கண்ணோக்கிப் பாரும்" என்று ஜெபித்தார். சுற்றிலும் அழுகை. சுமக்கப்பட்ட அந்த ஜீவன் பக்கத்திலேயே சக்கர நாற்காலியில் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

மதினி என் வலது கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜெபம் முடிகிறவரை கட்டைவிரலால் என் உள்ளங்கையைத் தடவிக்கொண்டே இருந்தார். எல்லாரையும்விடச் சத்தமாக "ஆமென்" சொன்னவரும் அவர்தான்.

எல்லாரும் போனபிறகு கமலபாய் அக்கா வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து, "ஒன்ன மாரி மருமக கெடைக்க அந்த வீடு குடுத்து வச்சிருக்கணும்" என்றார். வடை மிச்சம் பன்னிரண்டு.

ஜூலை 18, செவ்வாய்

மூன்றாவது பீரியடில் வடிவு போன் செய்தாள். மதினிக்கு நடுக்கம், காய்ச்சல், பேச்சு குழறுகிறது. ஆட்டோவில் ஏற்ற வடிவும் ஆட்டோக்காரரும் தூக்கினார்களாம். நான் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஜூலை 19, புதன்

சிறுநீரில் கிருமித்தொற்று, அது ரத்தத்தில் ஏற ஆரம்பித்திருக்கிறது. டாக்டர் அம்மா என்னிடம் கேட்டார்: "எத்தன நாளா தண்ணி குடிக்காம இருக்காங்க? உடம்பு வத்திக் கெடக்கே. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும்." நான் வடிவைப் பார்த்தேன். வடிவு மதினியைப் பார்த்தாள். மதினி கண்ணை மூடிக்கொண்டார்.

வராந்தாவில் வடிவு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் அப்பமே அக்காட்ட கேட்டேன் டீச்சர். ஏன்க்கா இப்படிச் செய்தியன்னு. அதுக்குச் சொன்னாவ, குடிச்சா போணும்லா, போணும்னா தூக்கணும்லா, அவ கை ஏற்கெனவே போச்சு, ஒன் கையும் போணுமான்னு. ஒங்கட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ."

நான் அவரைக் கொல்லப் பார்த்திருக்கிறேன். வேறு எப்படி எழுதினாலும் அது பொய்.

ஜூலை 20, வியாழன்

டியூப் போட்டிருக்கிறார்கள், பையில் தானாக இறங்குகிறது. "இது நல்லாருக்குட்டி. யாருக்கும் தொந்தரவு இல்ல" என்றார் மதினி. இரண்டு நாளாகச் சொட்டுச் சொட்டாக ஏறிய குளுக்கோஸில் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நர்ஸ் வந்தாள். நர்ஸ் போனபிறகும் நேரம் இருந்தது.

ஜூலை 22, சனி

டியூபை எடுத்துவிட்டார்கள், நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். இன்று செல்வின் ஒரு விண்ணப்பத்தோடு வந்தார். சாயர்புரம் பக்கத்தில் ஒரு இல்லம். மதினியைப் போன்றவர்களுக்கென்றே நடத்துகிறார்கள், தூக்குவதற்கு ஆள் இருக்கிறார்கள், தோட்டம் இருக்கிறது. ஓர் இடம் காலியாம். ஆகஸ்ட் முதல் தேதி வண்டி அனுப்புவார்கள்.

"அக்கா, ஒனக்கு அங்க வசதியா இருக்கும். ஹெப்சிக்கும் கை இப்படி ஆயிட்டு" என்றார். குரல் தடுமாறியது. மதினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விண்ணப்பத்தை முழுக்கப் படித்தார். இரண்டு எழுத்துப்பிழைகளைக் காட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டார். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

இன்னும் பத்து நாள். என் வாயில் கொழுக்கட்டையா இருக்கிறது?

ஜூலை 24, திங்கள்

ஷைனி என் நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "டீச்சர், நீங்க எழுதுறதும் ஒங்க கையும் ஒத்துப்போகல" என்றாள். "அவங்கள ரெண்டரை வாரமாத் தூக்கலன்னு எழுதியிருக்கீங்க. கை நாளுக்கு நாள் மோசமாவுது. வேற என்ன செய்யுறீங்க?" இன்று செல்வின் கூட வரவில்லை. சொல்லிவிட்டேன். ஜிம், அறுபது கிலோ, ஸ்பெஷல் கிளாஸ், எல்லாம்.

அவளுக்குக் கோபம் வந்தது. "வினாவையே மாத்திக் குடுத்துட்டு விடை சரியா வரலன்னா நான் என்ன செய்ய?" இது என்னுடைய வசனம். பத்தாம் வகுப்பில் நான் வருடா வருடம் சொல்கிற வசனம். பிறகு தணிந்து, ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தாள். ஜிம்மை முழுக்க விடவேண்டாம். எடையை நாலில் ஒன்றாகக் குறைக்கவேண்டும். உள்ளங்கை மேலே பார்த்திருக்கவேண்டும், பொருள் உடம்போடு ஒட்டி இருக்கவேண்டும். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டினால் அன்றைக்கு அதோடு சரி. மூன்று மாதம் ஆகும்.

"வீட்டுல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் பட்டையை அவிழ்த்துக் கட்டினாள்.

ஜூலை 27, வியாழன்

செல்வினிடம் சொன்னேன். மாத்திரை வாங்கிவிட்டு வரும் வழியில் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி, நின்றபடியே சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டீயை முழுக்கக் குடித்துவிட்டு, "அக்காட்ட சொல்லாத" என்றார்.

"ஏங்க?"

"இப்ப அவ என்ன நெனச்சிட்டுப் போறா? நம்ம ஹெப்சி கை நல்லாவட்டும்னு நெனச்சிட்டுப் போறா. அதுல அவளுக்கு ஒரு நிம்மதி இருக்கு. நீ போயி இதச் சொன்னா, அப்பறம் எதுக்காகப் போணும்னு கேப்பா. நான் என்ன பதில் சொல்ல?"

"போகவேண்டாம்னு சொல்லுங்க."

கண்ணாடி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் முடியல ஹெப்சி" என்றார். "எட்டு மாசமா வீட்டுக்குள்ள நொழையும்போதே நெஞ்சு கனக்கு. நான் ஒரு நாளும் தூக்கல, அது எனக்குத் தெரியும். தூக்காமப் பாத்துட்டு இருக்கதும் முடியல. நீ கைவலின்னதும்..." வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

எனக்கு அவர்மேல் ஆத்திரம் பொங்கியது. வீடு வரும்வரை பொங்கியது. வாசலில் இறங்கும்போதுதான், என் பொய்யில் எனக்கு ஜிம் கிடைத்தது, இவருக்கு வழி கிடைத்தது, வித்தியாசம் அவ்வளவுதான் என்று உறைத்தது.

ஜூலை 29, சனி

மதினியின் துணிகளை அடுக்கினோம். அவர் சொல்லச்சொல்ல வடிவு எடுத்து வைத்தாள். "ஊக்கு டப்பாவ ஹெப்சிக்கிட்ட குடு, அவதான் சேலைக்கு ஊக்குத் தேடி அலைவா" என்றார். சொல்லவில்லை.

ஜூலை 30, ஞாயிறு

கோயிலில் மதினிக்காக வழியனுப்பு ஜெபம். கமலபாய் அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொல்லவில்லை.

ஜூலை 31, திங்கள்

மத்தியானம் அரைநாள் லீவு போட்டு வந்தேன். வடிவைக் கடைக்கு அனுப்பினேன். மதினி நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். உட்காராமல் நின்றபடியே சொன்னேன், உட்கார்ந்தால் பேச்சு மாறிவிடும்.

"மதினி, என் கைவலி ஒங்களத் தூக்கினதால வரல."

"தெரியும்" என்றார். கைக்குட்டையை இன்னொரு மடிப்பு மடித்தார்.

எனக்குக் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன்.

"நாப்பது வருசம் கம்பு புடிச்சவட்டி நான். எனக்குத் தெரியாதா? என்னையத் தூக்கினா முதுகு புடிக்கும், தோள் எறங்கும். உள்ளங்கையில, விரலுக்கு அடியில, வரிசையா நாலு காய்ப்பு வருமா? அன்னைக்கு ஜெபத்துல தடவிப் பாத்தேம்லா. கம்பியப் புடிச்ச கை அது. எங்க போற?"

"ஜிம்முக்கு."

"எம்புட்டுத் தூக்குவ?"

"அறுபது."

"என்னைய விடப் பன்னெண்டு கிலோ கூட" என்றார். கணக்கில் என்னைவிட வேகம்.

தரையில் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். "தெரிஞ்சுமா மதினி தண்ணி குடிக்காமக் கெடந்திய? தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டிய?"

"முதல்ல தெரியாது. நெசமாவே என்னாலதான்னு நெனச்சேன், அதான் தண்ணியக் குறைச்சேன். அன்னைக்குக் கையப் பாத்தபொறவுதான் தெரிஞ்சிது." அடுத்த கைக்குட்டையை எடுத்தார். "அப்பறம் வேற மாரி நெனச்சேன். இவளுக்கும் தம்பிக்கும் என்னைய அனுப்பணும்னு மனசுல வந்துட்டு, சொல்ல வாய் வரல, அதுக்குக் கைவலின்னு ஒரு காரணத்தக் கண்டுபிடிச்சிருக்காவன்னு. காரணம் பொய்யின்னாலும் பரவால்லன்னு தோணிச்சு. கனமா இருக்கேன்னு அனுப்பினா அது இந்த ஒடம்போட போச்சு. வேண்டாம்னு அனுப்பினா அத நான் எங்கட்டி கொண்டு வைக்க? அதான் அந்தப் பொய்யயே நானும் புடிச்சுக்கிட்டேன்."

"நான் அப்படி நெனைக்கல மதினி. சத்தியமா நெனைக்கல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபமில்லாமல்தான் கேட்டார். "ஒரு நாள் கூடவா?"

வாயில் வராததை இங்கே எழுதுகிறேன். நினைத்திருக்கிறேன். ஒரு நாள் அல்ல. மே மாதத்தில் அறுபதைத் தூக்கி நிமிர்ந்தபோது, வீட்டில் யாருமே இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். குழம்புச் சட்டி விழுந்த அன்று தரையைத் துடைத்தபோது நான் பேசாமல் இருந்தது பயத்தால் மட்டும் இல்லை.

தலையைக் குனிந்துகொண்டு அழுதேன். மதினி மடித்த கைக்குட்டை ஒன்றை நீட்டி, "எந்திட்டி, வடிவு வந்துருவா" என்றார்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

பத்து மணிக்கு வண்டி என்று சொல்லியிருந்தார்கள். ஒன்பதரைக்கே வந்துவிட்டது. செல்வின் லீவு போட்டிருந்தார், வெள்ளைச் சட்டை. வடிவு அடுக்களையில் யாருக்கும் தெரியாமல் அழுதுகொண்டிருந்தாள், வீடு முழுக்கக் கேட்டது. மதினி நீலச் சேலையில் நாற்காலியில் தயாராக இருந்தார். மடியில் பைபிளும் கண்ணாடிக் கூடும். போகிறாரா இல்லையா என்று இரவு நான் கேட்கவில்லை.

செல்வின் பெட்டியைத் தூக்கப் போனார். நான் நடுவில் போய் நின்றேன். என் குரல் எனக்கே வகுப்பறைக் குரலாகக் கேட்டது.

"என் கைவலிக்கும் மதினிக்கும் சம்பந்தம் இல்லைன்னு இவங்ககிட்ட நேத்தே சொல்லிட்டேன். அதுக்கு முன்னயே இவங்களுக்குத் தெரியும். அதனால அந்தக் காரணம் இனிமே கெடையாது. இவங்க போணும்னா நீங்க வேற காரணம் சொல்லுங்க. இவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. நானும் சொல்லணும்னா சொல்லுதேன், எனக்கும் சில நாள் சலிச்சிருக்கு. ஆனா அனுப்புற அளவுக்கு என்கிட்ட காரணம் இல்ல."

செல்வின் பெட்டியைப் பிடித்தபடி நின்றார். வாயைத் திறந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். மூடினார். வெளியே ஓட்டுநர் கதவைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. வடிவின் அழுகையும் நின்றுவிட்டது, அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதினிதான் பேசினார்.

"எனக்கு ஒண்ணுக்கு வருது."

நான் வடிவைக் கூப்பிடத் திரும்பினேன்.

"அவள ஏன் கூப்பிடுத? காலையில ஒரு செம்புத் தண்ணி குடிச்சிட்டு உக்காந்திருக்கேன், நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்க மாட்டுக்கிய. ரெண்டு பேரும் வந்து தூக்குங்க."

"நானாக்கா?" என்றார் செல்வின்.

"நீதாம்ல. ஒன்னைய மூணு வயசு வரைக்கும் கழுவிவிட்டவ நான், நொண்டிக்கிட்டே. இப்ப என்ன வெக்கம்? வா."

செல்வின் பெட்டியைக் கீழே வைத்தார். அவர் இடதுபக்கம் போனார், நான் வலதுபக்கம். என் இடது கையை மதினியின் முதுகுக்குப் பின்னால் கொடுத்து, வலது கையை உள்ளங்கை மேலே பார்க்க முழங்காலுக்கு அடியில் வைத்தேன். செல்வினுக்கு எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. "அக்குளுக்குள்ள கையக் குடு, நான் ஒண்ணும் கண்ணாடிச் சாமான் இல்ல" என்றார் மதினி. தூக்கினோம். செல்வின் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார். "கண்ணத் தொறந்துட்டு நடல, செவுத்துல இடிச்சிராத" என்றார் மதினி. செல்வின் கண்ணைத் திறந்தபோது அதிலிருந்து நீர் கன்னத்தில் ஓடியது. துடைக்கக் கை இல்லை.

மதினி கனமாகத்தான் இருந்தார். நோய்க்குப் பிறகு இளைத்திருந்தும் கனமாகத்தான் இருந்தார். எட்டு மாதத்தில் நான் அதை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. "கனமாத்தான் இருக்கிய மதினி" என்றேன். "இருப்பேன்" என்றார். ஸாரி சொல்லவில்லை.

உட்காரவைத்து, சேலையைச் சரிசெய்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றோம். வாசலில் ஹாரன் அடித்தது. செல்வின் போய் ஓட்டுநரிடம் ஏதோ சொன்னார். வண்டி பின்னால் எடுத்துத் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றார். தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"ஒத்தையில எப்படி தூக்குன?" என்று மெல்லக் கேட்டார்.

அதற்குள் மதினி உள்ளேயிருந்து கூப்பிட்டார். இரண்டு பேரும் போனோம்.